கூரைக்கான கழிவு

என் தொழில் விலை சொல்வது.
வாங்குவதில்லை, விற்பதில்லை.
சட்டைப்பையில் ஒரு காந்தம், சின்ன டார்ச்,
முழங்காலுக்கு மடித்த சாக்கு.

புலாவ் திக்குஸில் அந்த வீட்டு ஷெட்டில்
ஒரே தொழிற்சாலை, ஒரே ஆண்டு,
அதே ஆறு சிலிண்டர், அதே கம்பிச் சக்கரம்,
இரண்டு காடிகள்.
ஒன்றுக்குக் கூரை. மற்றதற்குத் துணி.

துணி போட்டதற்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் வெள்ளி.
கூரை போட்டதற்கு இரண்டு லட்சத்துப் பத்து.
சந்தை அப்படித்தான்,
என்னைக் கேட்டு வைத்ததில்லை.
கூரை இல்லாத வீட்டுக்கு
எந்த வங்கி கூடுதல் கடன் தரும்?
காடிக்கு மட்டும்
இரும்பைக் கழித்தால் வெள்ளி கூடுகிறது.

அதுவும் பினாங்கில்.
பகலில் திறந்தால் மண்டை பிளக்கும்.
நாலு மணிக்கு மழை.
ஏழு மணிக்கு கெர்னியில் நெரிசல்,
முன்னால் நிற்கும் பேருந்தின் புகை
மூக்குக்கு நேரே.
வருடத்தில் பதினோரு மாலை திறந்தால் அதிகம்.
மீதி நாளெல்லாம் துணி மடிப்பில் பூசணம்,
கால்மிதியில் ஈரம்.
கூப்பேயோ தபால்பெட்டி மாதிரி
உள்ளே உலர்ந்து கிடக்கும்,
மலிவாக.

வக்கீல் கடிதம் சுருக்கம்.
திரு அமிர்தநாதனுக்கு ஒன்று,
திருமதி ஜெசிந்தாவுக்கு ஒன்று.
விலை கூடியதை எடுப்பவர்
வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குத் தரவேண்டும்.
துணிக் காடி எனக்கு என்று
அவர் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார்.
அப்படியானால் அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்தாயிரம்.

சாக்கை விரித்துக் கீழே போனேன்.
இருக்கைக்குப் பின்னே கம்பளத்தைத் தூக்கினால்
பற்றவைத்த கோடு,
அறுவை ஆறிய வயிறு போல.
காந்தம் இரண்டு இடத்தில் நழுவியது, உள்ளே பட்டி.
சட்டத்து எண்ணைச் சுரண்டித் துடைத்து
இரண்டு தரம் படித்தேன்.
இது கூரையோடு பிறந்த காடி.
யாரோ அறுத்திருக்கிறார்கள்.

அறுத்த கூப்பேக்குச் சந்தையில் தனி வரிசை,
கடைசி வரிசை.
ஒன்றேகால் லட்சம் தேறினால் அதிர்ஷ்டம்.
கணக்கு தலைகீழ்:
அந்த அம்மாதான் இவருக்குக் காசு தரவேண்டி வரும்.

எழுந்தபோது அவர் நின்றிருந்தார்,
கையில் எனக்கான கோப்பி, ஏடு கட்டியபடி.
"பாத்துட்டீங்க" என்றார்.
"பட்டர்வொர்த்துல. தொண்ணூத்தெட்டுல.
ஆ ஹுவாட் பட்டறையில ரெண்டு நாள்.
அவளுக்குக் காத்து வேணும்னா."
கோப்பையை பானெட்டின் மேல் வைக்கப் போனவர்
வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.
"அத எழுதாதீங்க."

பொய் எழுதினால் என் முத்திரை போகும்.
உண்மை எழுதினால் அவருக்குக் காசு வரும்.
காசு வேண்டாமென்று கெஞ்சிய ஆளை
இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை.
ஒரு வாய் குடித்தேன். சீனி அதிகம்.

"வெட்டுன மூடி எங்க?" என்று கேட்டேன்,
ஏதாவது கேட்கவேண்டுமே என்று.
ஷெட்டுக்குப் பின்னால் காட்டினார்.
வாழைக்கன்றுகளுக்கு நடுவே
அண்ணாந்து கிடந்தது கூரை,
பாதி நிரம்பிய தண்ணீரோடு.

படிவத்தில் 'இதர பொருட்கள்' என்று ஒரு வரி உண்டு.
வழக்கமாக ஜாக்கி, ஸ்பேனர், உபரிச் சக்கரம்.
அதில் எழுதினேன்:
கூரை, ஒன்று. அசல். அறுக்கப்பட்டது.
படிக்கிறவர் படிக்கட்டும்.
விலைக் கட்டத்தை மட்டும் விட்டுவைத்துப்
பேனாவை மூடினேன்.

மழை சொன்ன நேரத்துக்கு வந்தது.
துணிக் காடி பாதி வெளியே, வாய் திறந்து நின்றது.
அதை மூடத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன்.
இல்லை.
செருப்பில்லாமல் வாழைக்குள் போய்
கூரையை ஒரு பக்கம் தூக்கித்
தண்ணீரைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.
"கொசு" என்று கத்தினார் என்னைப் பார்த்து.
"போன வருசம் ஐந்நூறு வெள்ளி சம்மன்!"

சாய்த்துவிட்டு, மறுபடியும்
அண்ணாந்தபடியே வைத்தார்.